இரண்டாம் பெயர்

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்க ஒன்றிய நாடுகளின் தேர்தலைப் பற்றித் தமிழாசிரியன் பேசுவதா என்னும் வினா உங்களுள் சிலர் முகத்தில் எழுவதைக் காண்கின்றேன். பேசலாம். சொல்லுக்குப் பொருள் காண்பதே என் தொழில். அந்நாட்டு மக்களாட்சிக் கட்சிக்குள் இரண்டு சொற்கள் எண்பது ஆண்டுகளாக மற்போர் புரிந்து வருகின்றன. ஒன்று முற்போக்கு, மற்றொன்று நடு. 2028ஆம் ஆண்டுத் தேர்தலுக்குக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக முற்போக்கினரை நிறுத்துவதா, நடுப்போக்கினரை நிறுத்துவதா என்பதே இன்று அக்கட்சியினர் கூடுமிடமெல்லாம் வழக்கு. நியூயார்க்கிலிருந்து பேரவைக்குச் சென்ற ஒகாசியோ கோர்த்தெசு அம்மையாரை ஒரு சாரார் சுட்டுகின்றனர். 2019இல் கலிபோர்னியாவின் ஆளுநரான காவின் நியூசமை மற்றொரு சாரார் சுட்டுகின்றனர். நான் இவ்விரு சாராருள் எவர்க்கும் வழக்குரைக்க வரவில்லை. அவர்கள் வழக்காடும் இடமே பிழை என்று காட்ட வந்திருக்கின்றேன். அவர்கள் நோக்குவது சீட்டின் முதற்பெயரை. வரலாற்றைத் திருப்பியதோ அச்சீட்டின் இரண்டாம் பெயர்.

அமைப்பைச் சிறிது விளக்கிவிடுகின்றேன். அந்நாட்டில் குடியரசுத் தலைவர்க்கும் துணைத்தலைவர்க்கும் மக்கள் தனித்தனியே வாக்களிப்பதில்லை. இரு பெயரும் ஒரே சீட்டில் இணைந்து வரும். ஒன்றை ஏற்று மற்றொன்றை விலக்க முடியாது. முதற்பெயரைத் தெரிவு செய்ய மாநிலந்தோறும் முன்தேர்தல் நடக்கின்றது. 2020இல் மக்களாட்சிக் கட்சியின் முன்தேர்தல்களில் வாக்களித்தோர் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர். இரண்டாம் பெயரைத் தெரிவு செய்தவர் எத்துணைப் பேர் என்கின்றீர்கள்? ஒரே ஒருவர். முதற்பெயரை வென்றவர் தம் துணையைத் தாமே சுட்டுவார். சார்பாளர் மாநாடு கைதட்டி ஏற்கும். மூன்றரைக் கோடிப் பேரின் தெரிவு ஒரு புறம். ஒருவரின் தெரிவு மறுபுறம்!

ஆயினும் என்ன, துணைத்தலைவர் என்பது பெயருக்கு ஓர் இருக்கைதானே என்பீர்கள். முதல் துணைத்தலைவரான சான் ஆடம்சே தம் பொறுப்பு பயனற்றதென்று நொந்துகொண்டவர்தாம். எண்ணிப் பார்ப்போம். இதுவரை ஒன்பது துணைத்தலைவர்கள், தேர்தல் இன்றியே தலைவர் இருக்கையில் ஏறியிருக்கின்றனர். எண்மர் தலைவரின் சாவினால், ஒருவர் தலைவரின் விலகலினால். இது பாடநூல்களில் உள்ள செய்தி. பாடநூல்கள் எடுத்துரைக்காத கணக்கு ஒன்றுண்டு. 1945 முதல் இன்றுவரை மக்களாட்சிக் கட்சியின் சார்பில் துணைத்தலைவராக இருந்தவர் எண்மர்: துரூமன், பார்க்கிளி, சான்சன், அம்பிரி, மாண்டேல், கோர், பைடன், ஆரிசு. இவ்வெண்மருள் எழுவர் பின்னர் அக்கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராயினர். விடுபட்டவர் பார்க்கிளி ஒருவரே. அவரும் 1952இல் முயன்றவர்தாம். எழுபத்து நான்கு அகவையினர் என்று தொழிற்சங்கத் தலைவர்கள் கைவிட்டமையால் ஒதுங்கினார். எண்மரில் எழுவர்! துணையென்று அமர்த்தப்படுபவர் உண்மையில் அடுத்த தலைமையின் நாற்று. நாற்றங்காலில் எதை விதைக்கின்றோம் என்று பாராமல், நட்டபின் பயிரைப் பார்த்து முற்போக்கா நடுப்போக்கா என்று வழக்காடுகின்றனர்.

இதன் வேர் 1944ஆம் ஆண்டில் இருக்கின்றது. அதைச் சற்று நின்று பார்ப்போம்.

உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிராங்கிளின் உரூசுவெல்ட் நான்காம் முறையாகத் தேர்தலில் நிற்கின்றார். அவர் உடல் நலிந்திருந்ததை அருகிலிருந்தோர் அறிவர். அவருடைய துணைத்தலைவர் என்றி வாலசு, அயோவா மாநிலத்தார், ஒட்டுச் சோள விதையை வேளாண்மைக்குக் கொணர்ந்தோருள் ஒருவர், எட்டாண்டுக்கு அணிமையாக உழவுத்துறைச் செயலராக இருந்தவர், நிறவேற்றுமையைத் தெற்கு மாநிலங்களிலேயே நின்று கண்டித்தவர். முற்போக்கினர்க்கு அவரே விளக்கு. கட்சி வாக்காளரிடையே எடுத்த கருத்துக் கணிப்பிலும் அவரே எல்லார்க்கும் முன்னே நின்றார். ஆனால் நகரங்களின் கட்சிப் பெருந்தலைகளும் தெற்கத்திய தலைவர்களும் அவரை வேண்டாம் என்றனர். அவர் மிகவும் இடஞ்சாய்ந்தவர், எவர்க்கும் பிடிபடாதவர் என்பது அவர்கள் சொன்ன கரணியம். உரூசுவெல்ட் நாளை இருப்பாரோ மாட்டாரோ என்பது அவர்கள் சொல்லாத கரணியம்.

உரூசுவெல்ட் என்ன செய்தார்? இரண்டு மடல்கள் எழுதினார். ஒன்றில், தாம் சார்பாளராயின் வாலசுக்கே வாக்களிப்பதாகவும், ஆயினும் மாநாட்டைக் கட்டாயப்படுத்த விரும்பவில்லை என்றும் எழுதினார். மற்றொன்றில், துரூமனோ தக்லசோ எவர் வரினும் மகிழ்வே என்று எழுதினார். எவரையும் தாம் தள்ளவில்லை என்று காட்டிக்கொண்டே ஒருவரைத் தள்ளுவது எங்ஙனம் என்பதற்கு இதனினும் நல்ல பாடம் கிடைப்பதரிது.

சூலை 20ஆம் நாள் இரவு. சிகாகோ மாநாட்டு அரங்கில் வாலசின் ஆதரவாளர் எழுப்பிய முழக்கம் கூரையை முட்டிற்று. அந்தச் சூட்டிலேயே வாக்கெடுப்பு நடந்திருப்பின் அவர் வென்றிருப்பார் என்று கருதுவோர் இன்றும் உளர். புளோரிடாவின் மேலவை உறுப்பினர் கிளாடு பெப்பர், வாலசின் பெயரை முன்மொழிய மேடையை நோக்கி முண்டியடித்துக்கொண்டு வந்தார். அவர் மேடையை அடையுமுன் அவைத்தலைவர் கூட்டத்தை மறுநாளைக்கு ஒத்திவைத்துவிட்டார். ஓர் இரவு கிடைத்தது. அவ்விரவில் பேச வேண்டியவர்கள் பேசினர். மறுநாள் முதற்சுற்றில் வாலசு 429½, துரூமன் 319½. அப்போதும் வாலசே முன்னணி! இரண்டாம் சுற்று முடிந்தபோது துரூமன் 1031, வாலசு 105. 

இம்மாற்றம் மக்கள் மனமாற்றத்தால் நிகழ்ந்ததன்று. 1945 ஏப்பிரல் 12இல் உரூசுவெல்ட் மறைந்தார். துணைத்தலைவராகி மூன்று திங்களும் நிறையாத துரூமன் தலைவரானார். அணுகுண்டுத் திட்டத்தின் முழுச் செய்தியும் அதன் பின்னரே அவர்க்குச் சொல்லப்பட்டது. நான்கு திங்களுக்குள் இரோசிமாவும் நாகசாகியும் எரிந்தன. வாலசு இருந்திருப்பின் எரிந்திரா என்று நான் சொல்லத் துணியேன். ஆனால் அம்முடிவை எடுக்கும் கை எவருடையது என்பது, அரங்கம் ஒத்திவைக்கப்பட்ட அவ்விரவில் ஒருசிலரால் முடிவாயிற்று என்பது உறுதி.

இங்கே முற்போக்கு அன்பர்கள் விரைந்து கைதட்ட வேண்டா. கதையின் மறுபாதி இருக்கின்றது. நடுவென்று கருதித் துரூமனைக் கொணர்ந்தார்களே, அவர் என்ன செய்தார்? 1945 நவம்பரில், நாட்டு மக்கள் அனைவர்க்கும் அரசே நலவாழ்வுக் காப்பீடு தர வேண்டும் என்று சட்டமன்றத்தைக் கேட்டார். 1948இல் படைகளில் நிறப்பிரிவினையை ஒழிக்க ஆணையிட்டார். தெற்கத்திய பெருந்தலைகள் நெற்றியில் அறைந்துகொண்டனர். வாலசோ 1948இல் தனிக்கட்சியாக நின்று, நூற்றுக்கு இரண்டரைப் பங்கு வாக்கையும் எட்டாமல் வீழ்ந்தார். சோவியத்து அரசைப் பற்றித் தாம் கொண்டிருந்த கணிப்புத் தவறென்று 1952இல் அவரே எழுதினார். ஆக, ஒட்டிய பெயர்ச்சீட்டு ஒன்று, உள்ளிருந்த பொருள் வேறொன்று.

1960இலும் இதுவே. சான் கென்னடி தம் துணையாகத் தெக்சாசு மாநிலத்தார் இலிண்டன் சான்சனைச் சுட்டியபோது, தொழிற்சங்கத்தாரும் முற்போக்கினரும் வெகுண்டனர். தெற்கின் வாக்குக்காகக் கொள்கையை அடகு வைத்தார் என்றனர். 1963 நவம்பரில் கென்னடி சுடப்பட்டார். அடகுப் பொருள் என்று இகழப்பட்ட அச்சான்சன்தான் 1964இல் குடியுரிமைச் சட்டத்தையும், 1965இல் கருப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டத்தையும், முதியோர் மருத்துவக் காப்பீட்டையும் நிறைவேற்றினார். அவரே வியத்நாமில் ஐந்து நூறாயிரம் படைஞரைக் கொண்டு குவித்தார். முற்போக்கினர் அஞ்சியதும் நடக்கவில்லை. நடுப்போக்கினர் நம்பியதும் நடக்கவில்லை.

1965 சூலை 30ஆம் நாள் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் என்னால் மேற்செல்ல முடியவில்லை. முதியோர் காப்பீட்டுச் சட்டத்தில் ஒப்பமிடச் சான்சன் தலைநகரில் அமரவில்லை. மிசூரி மாநிலத்தில் துரூமன் வாழ்ந்த ஊருக்கே சென்றார். அம்முதியவரை அருகில் இருத்தி ஒப்பமிட்டார். முதல் உறுப்பினர் அட்டையை அவர்க்கே வழங்கினார். நடுவில் நிற்பார் என்று நம்பி இரண்டாம் பெயராகச் சேர்க்கப்பட்ட இருவர், ஒரே மேசையில்! ஐம்பதாண்டு கழித்து 2016இலும் 2020இலும் பெர்னி சாண்டர்சு, அனைவர்க்கும் அரசுக் காப்பீடு என்று கேட்டார். துரூமன் கேட்டதும் அடிப்படையில் அதுவே. ஆனால் சாண்டர்சை இடக்கோடி என்றார்கள்.

நடு என்னும் சொல்லின் பொருளை இங்கே ஆராய்தல் வேண்டும். நம் மொழியில் நடு என்பது இடத்தை மட்டும் குறிப்பதன்று. நடுவுநிலைமை என்று வள்ளுவப் பெருந்தகை ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே நடு என்பது துலாக்கோலின் நா. இரு தட்டில் எதை வைத்தாலும் அது தன் அளவினின்று பிறழாது. அமெரிக்க அரசியலார் கூறும் நடு அத்தகையதன்று. இரண்டு கட்சிகள் நிற்கும் இடங்களை அளந்து, இடையில் ஒரு கோடு கிழித்து, அதை நடு என்கின்றனர். எதிர்க்கட்சி வலப்புறம் பத்தடி நகர்ந்தால் இந்த நடுவும் ஐந்தடி நகர்ந்துவிடும். 1945இல் துரூமன் நின்ற இடம் 2016இல் கோடியாகிப் போனது இவ்வாறுதான். துரூமன் இடம்பெயரவில்லை, கோடு பெயர்ந்தது. 

தோல்விக் கணக்கைக் காட்டி அச்சுறுத்துவோர்க்கு ஒரு சொல். 1972இல் முற்போக்கினரான மக்கவர்ன் நாற்பத்தொன்பது மாநிலங்களில் தோற்றார் என்பர். உண்மை. 1984இல் கட்சியின் மூத்தோரெல்லாம் ஒன்றுகூடித் தாங்கிய மாண்டேலும் நாற்பத்தொன்பதில்தான் தோற்றார். 2025 நவம்பர் 4 அன்று, ஒரே நாளில், நியூயார்க்கு நகரத் தலைவராக முற்போக்கினரான மம்தானி வென்றார். வர்சீனியாவிலும் நியூசெர்சியிலும் நடுப்போக்கினரான இசுபான்பெர்கரும் செரிலும் ஆளுநர்களாக வென்றனர். இவர்களுள் மம்தானியும் செரிலும் தத்தம் முன்தேர்தல் வழியாக வந்தவர் என்பதை மட்டும் குறித்துக்கொள்க.

இனி, அண்மைக் காலம். 2000இல் ஆல் கோர் தம் துணையாக இலீபர்மனைச் சுட்டினார். நடுவுக்கும் நடுவானவர் என்று புகழ்ந்தனர். எட்டாண்டு கழித்து அவர் எதிர்க்கட்சி வேட்பாளரின் மாநாட்டு மேடையில் நின்று அவர்க்கு ஆதரவு கேட்டார்! புளோரிடாவில் 537 வாக்குகள் மாறியிருப்பின் அவரே துணைத்தலைவர்; எண்மரில் எழுவர் கணக்கின்படி அடுத்த தலைவர் வேட்பாளராகவும் ஆகியிருக்கலாம். 2016இல் முன்தேர்தல் வாக்குகளுள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் சாண்டர்சு பெற்றார். அத்துணை மக்களின் குரலுக்கு இரண்டாம் பெயரில் ஓரிடம் தரலாமன்றோ? இல்லாரி கிளிண்டன் அம்மையார் தம்மைப் போன்றே நடுப்போக்கினரான திம் கெயினைச் சுட்டினார். அதனால்தான் தோற்றார் என்று சொல்வது மிகையாகும். தோற்றவர் பக்கத்தார் சீட்டில் தம் முகத்தைக் காணாமல் போயினர் என்பது மிகையன்று.

2020க்கு வருவோம். கமலா ஆரிசு அவர்களின் தாய்வழிப் பாட்டனாரின் ஊர் மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரம். அவர் துணைத்தலைவரானபோது அவ்வூரில் வெடி வெடித்தார்கள்; இனிப்பு வழங்கினார்கள்; தட்டி கட்டினார்கள். உறவின் மகிழ்ச்சி, அதைக் குறை சொல்லேன். ஆனால் எவ்வழி வந்த உறவு என்று தேடிய அளவுக்கு, எவ்வழி வந்த பொறுப்பு என்று நம்மவர் தேடவில்லை. அவர் 2019இல் தலைவர் வேட்பாளராகப் போட்டியிட முனைந்தார். முதல் மாநிலத்தில் வாக்கெடுப்பு நடக்குமுன்பே, திசம்பரில் விலகினார். 2020 ஆகத்து 11இல் பைடன் அவரைத் துணையாகச் சுட்டினார். 2024 சூலை 21இல், முன்தேர்தல்கள் எல்லாம் முடிந்தபின், பைடன் போட்டியினின்று விலகி ஆரிசை முன்மொழிந்தார். புதிதாக முன்தேர்தல் நடத்தக் காலம் இல்லை. சார்பாளர் ஏற்றனர். நவம்பரில் 312க்கு 226 என்று திரம்பு வென்றார்.

அவர் ஆற்றல் குறைந்தவர் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு குறுகிய காலத்தில் வேறெவரும் இதனினும் நன்கு செய்திருப்பார் என்பதற்கும் சான்றில்லை. நான் கேட்பது வேறு. 2024ஆம் ஆண்டின் முதற்பெயர் எந்நாளில் தெரிவாயிற்று? 2020 ஆகத்து 11ஆம் நாளில். எவரால்? ஒருவரால். 2018இல் அக்கட்சி, மாநாட்டின் முதற்சுற்றில் கட்சிப் பெரியோரின் தனிவாக்கு கூடாதென்று நெறிமுறையைத் திருத்திப் பெருமை கொண்டது. பெரியோர் பல நூற்றுவரின் கையைக் கட்டினர். தனியொருவரின் கையை அவிழ்த்தே வைத்தனர்!

இதற்கு மாற்று உண்டா? உண்டு, அக்கட்சியின் வரலாற்றிலேயே உண்டு. 1956இல் அடுலாய் இசுட்டீவன்சன் தலைவர் வேட்பாளரானபோது, துணையை நான் சுட்டமாட்டேன், மாநாடே தெரிவு செய்க என்று விட்டுவிட்டார். ஒரே இரவு விழிப்பு. மறுநாள் திறந்த வாக்கெடுப்பு. கீபாவரும் இளைஞர் கென்னடியும் மோதினர். இரண்டாம் சுற்றில் கீபாவர் 755½, கென்னடி 589. கென்னடி மேடையேறி, கீபாவரின் தெரிவை ஒருமனதாக்குமாறு கேட்டுக்கொண்டார். எவரும் எவரையும் மறைவில் தள்ளவில்லை. 1944இல் ஒத்திவைத்த அந்த வாக்கெடுப்பை 1956இல் வெளிச்சத்தில் நடத்திக் காட்டினர் என்றே நான் கொள்கின்றேன். நடந்த நகரமும் அதே சிகாகோ.

மறுப்பு எழும். இருவரும் இணைந்து பணியாற்ற வேண்டாவோ, பிறர் தலையில் கட்டிய துணை எங்ஙனம் ஒத்துழைக்கும் என்பர். மெய்யே. தொடக்கத்தில் அந்நாட்டில் இரண்டாவதாக வந்தவரே துணைத்தலைவர் என்றிருந்தது. 1796இல் ஆடம்சும் செபர்சனும் எதிரெதிர்க் கட்சியினராய் ஒரே அரசில் அமர்ந்து இடர்ப்பட்டனர். 1804இல் அதைத் திருத்தினர். எனவே முற்றிலும் மாநாட்டிடம் விடுவதை நானும் வேண்டேன். முன்கூட்டியே துணையைச் சொல்லிவிடலாமே என்பாரும் உளர். எதிர்க்கட்சியில் 1976இல் இரீகன் அவ்வாறே, மாநாட்டுக்கு முன்பே, நேர்மாறான போக்குடைய சுவைக்கரைத் துணையென அறிவித்தார். தம் ஆதரவாளரையே கலங்க வைத்தார். வேட்பாளர் வாய்ப்பையும் இழந்தார். காலம் முந்தினாலும் தெரிவு ஒருவர் கையிலேயே இருந்தமைதான் அங்கும் குறை.

நான் கருதும் வழி இது. முன்தேர்தலில் வென்றவர் மூன்று பெயர்களைத் தருக. தம்மோடு பணியாற்றத் தக்கவர் என்று அவரே தேர்ந்த மூவர். அவருள் ஒருவரேனும் முன்தேர்தலில் மக்கள் வாக்கை நாடிப் பெற்றவராக இருத்தல் வேண்டும். மாநாட்டுச் சார்பாளர், மாநிலம் மாநிலமாகப் பெயர் சொல்லி, மூவருள் ஒருவரைத் தெரிவு செய்க. இதற்கு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஓரெழுத்தும் மாற வேண்டுவதில்லை. கட்சியின் நெறிமுறையில் ஒரு பத்தி மாறினால் போதும். ஏற்பார்களா என்று கேட்டால், வென்று நிற்கும் எவரும் ஏற்க விரும்பார். தம் கையிலுள்ள திறவுகோலை எவர்தாம் எளிதில் தருவர்? வெல்லாதவர்கள் இன்னும் பலராய் இருக்கும்போதே, முதல் வாக்கு விழுமுன்பே, இதைக் கேட்டாக வேண்டும்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இன்று அந்நாட்டுக் குடியுரிமை பெற்று வாழ்கின்றார். முன்தேர்தலில் எவர்க்கு வாக்களிப்பது என்று மடல் எழுதிக் கேட்டிருந்தார். பெயர் எதுவும் நான் எழுதவில்லை. வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும், முற்போக்கினராயினும் நடுப்போக்கினராயினும், உங்கள் துணையை எவர் தெரிவு செய்வார், எந்நாளில், எத்துணைப் பேர் முன்னிலையில் என்று கேட்குமாறு மட்டும் எழுதினேன். கேட்டாரோ, என்ன விடை பெற்றாரோ, அவர் மடலை எதிர்நோக்கியிருக்கின்றேன்.